மார்கழியில் வாங்கிய செக்

டிசம்பர் 19

செக் திரும்பி வந்துவிட்டது.

காரணம் என்று ஒரு துண்டுச் சீட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கையெழுத்து பொருந்தவில்லையாம். கவுண்டரில் இருந்த பெண் அதை என் பக்கம் தள்ளிவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. கண்டக்டராகச் சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவன் நான். டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்பும்போது நானும் அப்படித்தான் பார்ப்பேன். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாக இல்லை.

விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. நாளைக்கு யாராவது மாற்றிப் பேசினால் எடுத்துக் காட்டலாம்.

தென்காசியில் இந்த வீட்டில் பதினெட்டு வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் ஜெபமணி சார் பாளையங்கோட்டைக்கே போய்விட்டதால் வீட்டை விற்கப் போகிறார். முதல் உரிமை எனக்குத்தான், ஆனால் தை முடிவதற்குள் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். மீதிக்கு லோன் கிடைத்துவிடும். அட்வான்ஸ் நாலு லட்சம்தான் இடிக்கிறது. என் ரிட்டயர்மென்ட் பணம் மகள் கல்யாணத்தோடு கரைந்தது.

போன வாரம் அண்ணனிடம் கேட்டேன். அண்ணன் ஆவுடையப்பனுக்குக் கோயில் வாசலில் பாத்திரக் கடை. பிள்ளை குட்டி கிடையாது. ஐப்பசியில் வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது, கட்டிலோடு இருக்கிறார். கேட்டவுடன் செக் எழுதித் தந்தார். அப்பா போனபோது கடை முழுக்க அவருக்கு என்று ஆனது, எனக்கு ஒரு செம்புகூட வரவில்லை. ஆகவே இது தர்மம் ஒன்றும் இல்லை.

கேட்டவுடன் தந்தார் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. கொடுக்க மனமில்லாதவர் கோணல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு. அண்ணனுக்கு இந்த யோசனை வராது. பக்கத்தில் நின்று செக் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது அண்ணன் மனைவி, வடிவு மைனி.

டிசம்பர் 20

மோட்டார் ஓடவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். இரண்டு குடத்துக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

டிசம்பர் 21

தேரடியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டோ போனது. உள்ளே அண்ணன், மேல்துண்டைப் போர்த்தி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் குத்தாலம், மைனியின் தம்பி. மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அந்த வீட்டிலேயே பழியாகக் கிடக்கிறான். ஆட்டோ பேங்க் வாசலில் நின்றது. குத்தாலம் அண்ணனைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் படியேற்றினான்.

எழுந்து பாத்ரூம் போக முடியாத மனுஷனை எதற்குப் பேங்குக்குக் கொண்டுபோகிறான்? கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு மறைந்து நின்று பார்த்தேன். வெளியே வர ரொம்ப நேரமானது. குத்தாலத்தின் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பேப்பர்கள்.

கத்தரிக்காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். பிரம்மு திட்டினாள். பிரம்மு என்றால் பிரம்மநாயகி, என் மனைவி. அவளுக்கு எல்லாரும் நல்லவர்கள்.

டிசம்பர் 23

அண்ணன் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அண்ணனே ஆரம்பித்துவிட்டார். வாய் கொஞ்சம் குழறுகிறது.

"ஏல, செக்கு திரும்பிட்டாம்லா? பேங்க்லேருந்து போன் வந்துச்சு. கை கோணிட்டுல்லா, பழைய கையெழுத்து எங்க வரும்? அதான் போயி புதுசா பதிஞ்சுட்டு வந்தேன். ஒனக்காகத்தாம்ல போனேன்."

குத்தாலம் எதிரே நின்று சிரித்தான். "அத்தான், படியேத்துறதுக்குள்ள எனக்கு முதுகு போச்சு" என்றான்.

அண்ணன் புதுசாக ஒரு செக் போட்டார். மைனி புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முடித்ததும் நெற்றியெல்லாம் வேர்வை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"தேதிய நீயே போட்டுக்கோ. நாளைக்கே பேங்க்ல போட்டுரு, வச்சிக்கிட்டு இருக்காத."

"சரிண்ணே."

வீட்டுக்கு வந்து பஞ்சாங்கம் பார்த்தேன். மார்கழியில் வீட்டு விஷயமாகப் பணம் கைமாறினால் அந்த வீடு விளங்குமா? தையிலும் பொங்கல் முடிந்து நாள் பார்க்க வேண்டும். தை ஐந்து சரியாக அமைகிறது. ஜனவரி 19 என்று தேதி போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பதினெட்டு வருஷம் பொறுத்தவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் பெரிதா?

கையெழுத்து பதிய அவ்வளவு நேரமா ஆகும்? அந்தக் கவரில் இருந்த பேப்பர் என்ன என்று கேட்க விட்டுப்போயிற்று.

டிசம்பர் 27

மகள் போன் செய்தாள். பேரனுக்குப் பல் முளைக்கிறதாம், எதைக் கொடுத்தாலும் கடிக்கிறானாம்.

சாயங்காலம் அண்ணன் வீடு. அண்ணன் கேட்டார்: "செக்கு போட்டியால?" போட்டாச்சு என்றேன். மார்கழி என்று சொன்னால் திட்டுவார். அவருக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது, நஷ்டம் வந்த கடையை அஷ்டமியில் திறந்து லாபம் பார்த்தவர்.

ஜனவரி 2

இன்றைக்குக் குத்தாலம் கேட்டான், வாசலில் வைத்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து. "அத்தான், செக்கு பாஸாயிட்டா?"

இவனுக்கு என்ன அக்கறை? பஸ்ஸில் ஏறியதும் "செக்கிங் உண்டா" என்று கண்டக்டரிடம் கேட்பவன் எவனும் டிக்கெட் எடுத்தவனாக இருந்ததில்லை. ஆயிட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் தலையை ஆட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 5

அண்ணனுக்கு நெஞ்சுச் சளி. டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். காலைப் பிடித்துவிட்டேன். கால் குளிர்ந்திருந்தது.

ஜனவரி 8

அண்ணன் போய்விட்டார். விடிகாலையில், தூக்கத்திலேயே.

ஜனவரி 9

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதானே எல்லாம் செய்ய வேண்டும். மொட்டை போட்டு, மீசையை எடுத்து, கொள்ளி வைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அப்பா மாதிரி இருக்கிறேன். ஆற்றில் குளிக்கும்போது அழுதேன். சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர். தண்ணீருக்குள் முங்கி முங்கி அழுதேன், யாருக்கும் தெரியவில்லை.

செய்ய வேண்டியதில் ஒரு குறை வைக்கவில்லை. காலையிலேயே அச்சகத்தை எழுப்பிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கச் சொன்னேன். சின்னதாக ஏ-ஃபோரில் அடிக்க வந்தான். நான் விடவில்லை. ஊரில் அண்ணாச்சி கடையில் குடம் வாங்காத வீடு உண்டா? ஆள் உயரப் போஸ்டர். மேலே அண்ணன் படம், கீழே "ஆறாத் துயரில் வாடும் அன்புத் தம்பி" என்று என் பெயர், வேலை, யூனிபாரத்தில் எடுத்த படம். அண்ணி பெயர் போடணுமா என்று அச்சகத்தான் கேட்டான். இடம் பற்றாது, "மற்றும் குடும்பத்தார்" என்று போடு என்றேன். ஒன்பது மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடி வரைக்கும் சுவர் பாக்கி இல்லாமல் ஒட்டியாகிவிட்டது. பிரேதம் எடுக்கும்போது கூட்டம் தெருவை அடைத்தது என்றால் அந்தப் போஸ்டரால்தான்.

வாசலில் நின்று வந்தவர்களை நானே கையெடுத்து வரவேற்றேன். முகம் தெரியாதவர்களும் வந்தார்கள். சட்டையை இன் பண்ணிய ஒரு வாலிபன் பெரிய ரோஜா மாலையோடு வந்து, எத்தனை மணிக்கு, என்ன உடம்புக்கு என்றெல்லாம் விசாரித்தான். சொன்னேன். குத்தாலத்தின் சிநேகிதனாக இருக்கும்.

மைனி அழவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழாதவர்களை என்னால் கணிக்க முடிவதில்லை.

ஜனவரி 12

செக் ஞாபகம் வந்தது. இந்த நேரத்தில் அதை நினைக்கலாமா என்று தோன்றியது. நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் டிப்போவில் அக்கவுன்ட்ஸ் பார்த்தவரிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். கையெழுத்து சரியாக இருக்கலாம், கணக்கில் பணம் இருக்கலாம், ஆனால் ஆள் இறந்தது பேங்குக்குத் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் அந்தக் கணக்கில் வரும் செக்கைத் திருப்பிவிடுவார்களாம். எப்போது கையெழுத்துப் போட்டது என்ற பேச்சே இல்லையாம்.

தெரிந்தால்தானே. பேங்குக்கு யார் மெனக்கெட்டுப் போய்ச் சொல்லப் போகிறார்கள்? சொன்னால் லாபம் அடைவது யார் என்று பார்த்தால் ஒரே ஒரு வீடுதான் வருகிறது.

ஜனவரி 15

பொங்கல். எங்களுக்கு இந்த வருஷம் கிடையாது. பக்கத்து வீட்டில் குலவைச் சத்தம். பிரம்மு வெறும் சோறு பொங்கினாள்.

ஜனவரி 17

குத்தாலம் அதே பிளாஸ்டிக் கவரோடு நகராட்சி ஆபீஸ் பக்கமிருந்து பைக்கில் வந்தான். நேற்றும் அப்படித்தான் போனான் என்று டீக்கடைக்காரர் சொன்னார். லீவு நாளில் இவனுக்கு அங்கே என்ன வேலை? என்னைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஜனவரி 19

என்னுடைய பேங்கில் செக்கைப் போட்டுவிட்டேன்.

கிளம்பும்போது பிரம்மு வாசலை மறித்தாள். "பதினாறு கழியல. தீட்டுக்குள்ளயா போடப் போறீங்க? மார்கழின்னு சாமி படத்துக்குப் பின்னால வச்சவரு நீங்கதான?"

"செக்குக்கு ஏது தீட்டு?" என்றேன்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனால் தேதி வந்துவிட்டது. மொட்டைத் தலையோடு கவுண்டரில் நின்றேன். அந்தப் பெண் இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள்.

ஜனவரி 22

திரும்பிவிட்டது. கணக்குதாரர் இறந்துவிட்டார் என்று காரணம் போட்டிருக்கிறது.

சொல்லிவிட்டார்கள். நான் நினைத்தது சரி.

ஜனவரி 23

பதினாறாம் நாள் காரியம்.

நான் பேசியதை உள்ளபடி எழுதுகிறேன். பந்தியில் இரண்டாம் வரிசை உட்கார்ந்திருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். குத்தாலம் இலையில் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தான். என் இலைக்கு வந்தபோது கையை நீட்டித் தடுத்தேன்.

"எனக்கு வேண்டாம்டே. என் வயித்துல அடிச்ச கையால எனக்கு அப்பளம் வைக்காத."

"என்ன அத்தான் சொல்றீக?"

"பேங்குக்குப் போயி எங்கண்ணன் செத்துட்டாருன்னு சொன்னது யாரு? நெருப்பு அணையிறதுக்குள்ள அப்படி என்னடே அவசரம்? எங்கண்ணன் வேர்க்க வேர்க்க கையெழுத்து போட்ட செக்கு அது. அத செல்லாதுன்னு ஆக்கிட்டீக, அக்காவும் தம்பியுமா."

குத்தாலத்தின் முகம் சிவந்தது. "அத்தான், நான் ஒரு வார்த்த சொல்லல. எங்கக்கா மேல பழி போடாதீங்க" என்று தட்டைக் கீழே வைத்தான். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

மைனி உள் அறை வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சேலையில் இன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைத்தான் பார்த்தார். கோபம் இல்லை, பயமும் இல்லை. "நான் பேங்குக்குச் சொல்லல தம்பி. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

திருடன் எவனும் ஒத்துக்கொண்டதில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிரம்மு எனக்குப் பின்னால் வரவில்லை, அங்கேயே பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு இருட்டிய பிறகு வந்தாள். என்னோடு பேசவில்லை.

ஜனவரி 24

மோட்டாருக்குள் செம்புக் கம்பி எரிந்துவிட்டதாம், புதுசாகச் சுற்ற வேண்டுமாம். பிரம்முவோடு பேச்சுவார்த்தை இல்லை. காபி மட்டும் வருகிறது.

ஜனவரி 25

அண்ணனுடைய பேங்குக்குப் போனேன். யார் வந்து சொன்னார்கள் என்று மேனேஜரிடம் கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொண்டு வந்து சொந்தக்காரர்கள் முகத்தில் எறிய வேண்டும் என்று போனேன். ஆள் பெயரோடு பிடித்தால்தான் கேஸ் நிற்கும்.

மேனேஜர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அந்த இன் பண்ணிய சட்டை. ரோஜா மாலை.

"சார், ஒக்காருங்க. நானே உங்களப் பாக்கணும்னு நெனச்சேன்."

"யாரு வந்து ஒங்ககிட்ட சொன்னது? அத மட்டும் சொல்லுங்க."

"எத சார்?"

"எங்கண்ணன் எறந்தத."

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு, போஸ்டர்.

"யாரும் வரல சார். காலைல பேங்க் தொறக்க வந்தேன், அத ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. அண்ணாச்சி ரொம்பப் பழைய கஸ்டமர். போன மாசம் அந்த நெலமையில வந்து கையெழுத்து பதிஞ்சுட்டுப் போனவரு. மனசு கேக்கல, நானே மால வாங்கிட்டு வந்தேன். நீங்கதான வாசல்ல நின்னீங்க? எத்தன மணிக்குன்னு உங்ககிட்டதான சார் கேட்டேன்."

நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேங்குக்குத் தெரிஞ்சப்புறம் நாங்க பாஸ் பண்ண முடியாது சார். உங்க செக்குல வேற ஒரு கொறையும் இல்ல. கையெழுத்து சரியா இருக்கு, பணமும் இருந்துச்சு. கைல வாங்குன அன்னைக்கே தேதி போட்டுக் குடுத்திருந்தா மறுநாளே பாஸாகியிருக்கும். ஏன் சார் தள்ளித் தேதி போட்டீங்க?"

மார்கழி என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

போஸ்டர் அடித்தது துக்கம் தெரிவிக்க. பேங்குக்குத் தெரிவிக்க அல்ல. அந்தச் சுவரில்தான் ஒட்டு என்று நான் குறிப்பிட்டுச் சொல்லவும் இல்லை. பசை வாளிக்காரன் கண்ட இடத்தில் ஒட்டினால் அதற்கு நானா பொறுப்பு?

பிரம்முவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 26

விடுமுறை. பேங்க் பூட்டியிருந்தது. எதிர்ச் சுவருக்குப் போய்ப் போஸ்டரைக் கிழித்துப் பார்த்தேன். நல்ல பசை. அண்ணன் முகம் வரைக்கும் உரிந்து வந்தது, அதற்குக் கீழே வரவில்லை. யூனிபாரத்தோடு நான் மட்டும் நின்றேன். ஒரு மாடு வந்து பார்த்தது. வந்துவிட்டேன்.

ஜனவரி 28

பிரம்மு இன்றைக்குப் பேசினாள்.

"ஒரு நட மைனி வீட்டுக்குப் போயிட்டு வாங்க. தப்பா பேசிட்டேன்னு ஒரு வார்த்த. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"நான் தப்பா பேசினேன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? எனக்கு வடிவு மைனியத் தெரியும்."

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கோயில் வாசல் வரை போனேன். கடை பூட்டிக் கிடந்தது. போய் என்ன சொல்வது? சொன்னால் போஸ்டர் வரைக்கும் சொல்ல வேண்டும். பந்தியில் கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் அது போகும். இந்தக் கோமதிநாயகம் செக்கிங் ஏறினால் பஸ்ஸே நிமிர்ந்து உட்காரும் என்று பேர் வாங்கியவன். கோயிலுக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். போனீங்களா என்று கேட்டாள். மைனி தூங்கிக்கொண்டிருந்தார் என்றேன்.

பிப்ரவரி 1

ஜெபமணி சார் போன். குற்றாலம் ரோட்டுக்காரர் ஒருவர் மொத்தப் பணத்தோடு நிற்கிறாராம். "தை முடியிற வர பொறுப்பேன் சார். அதுக்கு மேல என்னக் கோவிச்சுக்கக் கூடாது." கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது?

பிரம்மு அடுப்படிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷத்துக் கரி. காலி பண்ணிக் கொடுக்கும்போது சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

பிப்ரவரி 4

வாடகை வீடு இரண்டு பார்த்தேன். ஒன்றில் வெளிச்சம் இல்லை. மற்றதில் தண்ணீர் இல்லை.

பிப்ரவரி 8

மைனி வந்தார்.

காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. துக்கம் நடந்த வீட்டுப் பெண், இன்னும் ஒரு மண்டலம் ஆகவில்லை, யார் வீட்டுப் படியையும் மிதிக்க மாட்டார்கள். குத்தாலம் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. மைனி மட்டும் வந்தார். பிரம்மு ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அவுக கணக்கு என் பேருக்கு மாறிட்டு. நேத்துத்தான் செக்கு புஸ்தகம் வந்துச்சு" என்று முந்தானையிலிருந்து ஒரு செக்கை எடுத்து நீட்டினார். நாலு லட்சம். "நானா போட்ட மொதக் கையெழுத்து. குத்தாலம் ஒரு வாரமா எழுதிப் பழக்குனான்."

நான் கையை நீட்டவில்லை. நீட்ட வரவில்லை.

"போறதுக்கு மொத நாளு அவுக சொன்னாக. 'அந்தப் பய செக்கப் போடல வடிவு. பாஸ்புக்ல பணம் அப்படியே இருக்கு. போட்டாச்சுன்னு என்கிட்ட பொய் சொல்லுதான். மார்கழின்னு வச்சிருப்பான், அவன எனக்குத் தெரியாதா? நான் இல்லாட்டாலும் நீ குடுத்துரு'ன்னாக. அதுக்குத்தான் குத்தாலம் லீவுன்னும் பாக்காம டெத் சர்டிபிகேட்டுக்கும் பேங்குக்கும் அலைஞ்சான். ஒங்களுக்கு தைக்குள்ள குடுக்கணும்லா."

பிளாஸ்டிக் கவரில் முதலில் இருந்தது கையெழுத்து பதிந்த பேப்பர், அப்புறம் இருந்தது இந்தப் பேப்பர்.

மைனி செக்கை என் கையில் வைத்தார். அப்போது நான் செய்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். என்னை அறியாமல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தேதி, எழுத்தில் தொகை, எண்ணில் தொகை, கையெழுத்து. எல்லாம் சரியாக இருந்தது. கண்ணை இறக்கியபோது மைனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கா தம்பி?"

"மைனி..." என்றேன்.

"போஸ்டரப் பாத்துத்தான் தெரியும்னு மேனேஜரு குத்தாலத்துட்ட சொல்லிட்டாரு. இருவத்தஞ்சாந்தேதி நீங்களும் போயி கேட்டுட்டு வந்தீகன்னும் சொன்னாரு."

பிரம்மு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கே வருவீகன்னு நெனச்சேன். மறுநாளும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம், மைனி சாப்பிட்டீகளான்னு கேட்டுட்டுப் போயிருந்தாலும் போதும். நீங்க வரல." குரல் அப்போதும் உயரவில்லை. "அவுக சொன்னத செஞ்சிட்டேன். இனி நீங்க வர வேண்டாம்."

ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

பிப்ரவரி 9

செக்கைப் போட்டேன்.

பிப்ரவரி 10

பாஸாகிவிட்டது.

பிப்ரவரி 12

தை கடைசி நாள். ஜெபமணி சார் பாளையங்கோட்டையிலிருந்து வந்து அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டார். வீடு எங்களுக்கு. சார் கொண்டுவந்த அல்வாவை டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள் பிரம்மு. அண்ணன் வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்து வைப்பாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"துக்க வீட்டுக்கு இனிப்பு கொண்டு போகக் கூடாதுல்லா" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"போகக் கூடாதுன்னு சொல்லாதீங்க" என்றாள். "போக முடியாதுன்னு சொல்லுங்க."